டர்போவை மாற்றச் சொன்னால் முதலில் பிரீதர் பைப்பைப் பாருங்கள்

போன ஐப்பசி அடைமழையில் என் வண்டி நீலப் புகை தள்ள ஆரம்பித்தது. 1.3 லிட்டர் டர்போ டீசல், லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. டர்போ என்றால் வெளியே போகும் புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் சின்ன விசிறி. கடலூரில் ஒரு பட்டறையில் விட்டேன். ஏர் பைப்பைக் கழற்றி, உள்ளே வழிந்த ஆயிலை விரலால் தொட்டுக் காட்டி, "டர்போ போச்சு சார், 38,000 ஆகும்" என்றார்கள். அவ்வளவு பணம் கையில் இல்லாததால்தான் அந்த டர்போ பிழைத்தது. மறுநாள் மெதுவாக ஓட்டிக்கொண்டு அரியாங்குப்பத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் டர்போ பக்கமே போகவில்லை. இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினார், பிரஷர் குக்கரில் விசில் தூக்கியது மாதிரி புஸ்ஸென்று வந்தது.

"தம்பி, வண்டிக்கு மூச்சு முட்டுது. டர்போவைக் குத்தம் சொல்லி என்ன பண்றது?"

இன்ஜின் தலையை மூடும் டேப்பட் கவரிலிருந்து டர்போ வாய்க்குப் போகும் பிரீதர் ஹோஸ், அதாவது இன்ஜின் மூச்சு விடும் குழாய், உள்ளுக்குள் ஊதிப்போய், ஒரு பென்சில்கூட நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. அதை மாட்டியது யார் என்றால் நான்தான், மூன்று வருஷம் முன்னால் சிக்கனம் பார்த்து ரேடியேட்டருக்குப் போடும் தண்ணீர் ஹோஸில் ஒரு துண்டை வெட்டி மாட்டச் சொன்னேன். அதற்கப்புறம் இந்த விஷயத்தை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். வீட்டு வாசலிலேயே எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதைத்தான் எழுதப் போகிறேன், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் சோதித்தால் கிடைக்கும் விடையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அதனால் முதலில் அது.

பிஸ்டனுக்கு மேலே எரியும்போது உண்டாகும் அழுத்தம் டர்போ இன்ஜினில் 100 பாரைத் தாண்டும். கார் டயரில் நாம் அடிப்பது 2 பாருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அத்தனை அழுத்தத்தை பிஸ்டனைச் சுற்றிய இரண்டு மூன்று ரிங்குகள் தடுத்து நிறுத்த வேண்டும், ரிங்குக்கும் வாய் இடைவெளி உண்டு. ஆகவே புத்தம் புது இன்ஜினிலும் கொஞ்சம் வாயு கீழே நழுவி, கிராங்க் தண்டு சுற்றும் கூடான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். இதற்குப் பெயர் புளோ-பை. இதில் எரியாத எரிபொருள் இருக்கும், புகை இருக்கும், கூடவே யாரும் எதிர்பார்க்காத ஒன்று, தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும், ஒரு பங்கு கீழே வந்து ஆயிலோடு சேரும். கிராங்க் சுற்றுகிற வேகத்தில் ஆயிலும் பனி மாதிரி தூவிக்கொண்டிருக்கும். இந்தக் கலவைக்கு வெளியே போக வழி வேண்டும். வழி இல்லையென்றால் அழுத்தம் ஏறி, எந்த ஆயில் சீல் பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு வரும்.

பழைய காலத்து வண்டிகளில் வழி ரொம்ப எளிமை. ஒரு குழாய், கீழே ரோட்டைப் பார்த்து. பழைய டிராக்டர்களில் இன்றும் பார்க்கலாம், நின்ற இடத்தில் ஆயில் சொட்டியிருக்கும். காரிலிருந்து காற்றில் கலக்கும் ஹைட்ரோகார்பனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தக் குழாய் வழியாகத்தான் போகிறது என்று கண்டுபிடித்த பிறகு, கலிபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்து அந்த வாயுவைத் திரும்ப இன்ஜினுக்கே உறிஞ்சக் கொடுக்கும் முறை வந்தது. அதுதான் பி.சி.வி., பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன்.

டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் இது அழகாக வேலை செய்யும். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்குப் பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் எப்போதும் உறிஞ்சல் இருக்கும், ஐடிலிங்கில் மிக அதிகம். அந்த உறிஞ்சலுக்கும் கிராங்க் கேஸுக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன வால்வ். ஐடிலிங்கில் கொஞ்சமாக விடும், ரோட்டில் ஓடும்போது தாராளமாக விடும். போகிற வாயுவுக்கு ஈடாக, ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்து இன்னொரு குழாயில் சுத்தமான காற்று உள்ளே வரும். ஒரு ஜன்னலில் காற்று வந்து இன்னொரு ஜன்னலில் போகிற வீடு மாதிரி.

டர்போ வந்ததும் இந்த வீட்டில் குழப்பம். மெதுவாக ஓட்டும்வரை மேலே சொன்னதேதான். ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தி டர்போ பூஸ்ட் கொடுக்க, அதாவது காற்றை அழுத்தித் தள்ள ஆரம்பித்தால், இவ்வளவு நேரம் உறிஞ்சிக்கொண்டிருந்த அதே மேனிஃபோல்ட் இப்போது வெளியே தள்ளும். அந்தக் குழாய் திறந்தே இருந்தால் ஒரு பார் அழுத்தம் நேராக கிராங்க் கேஸின் அடித்தொட்டியான ஆயில் சேம்பருக்குள் போய் இறங்கும். இதில் கொடுமை என்னவென்றால், புளோ-பை மிக அதிகமாக வருவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே டர்போ பெட்ரோல் வண்டியில் இரண்டு வழி வைத்திருப்பார்கள். மேனிஃபோல்டுக்குப் போகும் வழியில், ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு செக் வால்வ், பூஸ்ட் வந்ததும் படக்கென்று மூடிக்கொள்ளும். அப்போது வாயு இரண்டாவது வழியாக, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள குழாய்க்குப் போகும். டர்போ அங்கே காற்றை இழுப்பதால் லேசான உறிஞ்சல் இருக்கும், அது போதும். பல இன்ஜின்களில் இந்த இரண்டாவது குழாய்தான் ஐடிலிங்கில் சுத்தமான காற்றை உள்ளே கொண்டுவருவதும். ஒரே குழாய், ஓட்டுகிற விதத்துக்கு ஏற்ப திசை மட்டும் மாறும்.

டீசலில் கதை சுருக்கம். மேனிஃபோல்டில் நம்பும்படியான உறிஞ்சல் கிடையாது, ஆகவே எல்லா நேரமும் டர்போ வாய்க்குத்தான் போகும். நடுவில் அழுத்தத்தைச் சமன் செய்ய டயாஃப்ரம் என்ற ஒரு ரப்பர் சவ்வு, ஆயில் துளிகளைப் பிரிக்க ஒரு செபரேட்டர். செபரேட்டர் என்பது வளைந்து வளைந்து போகும் பாதை அல்லது காற்றைச் சுழற்றிவிடும் கூம்பு, ஆயில் சுவரில் ஒட்டி கீழே சேம்பருக்கு வடிந்துவிடும். சில டீசல்களில் மாற்றக்கூடிய ஃபில்டரே இருக்கும், சர்வீஸ் புத்தகத்தில் மட்டும் எழுதியிருக்கும், யாரும் மாற்ற மாட்டார்கள்.

சரி, பிரீதர் அடைத்தால் டர்போ ஏன் ஆயில் துப்புகிறது? என்னை 38,000 ரூபாயிலிருந்து காப்பாற்றியது இந்த ஒரு விஷயம்தான். டர்போவின் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது, அதில் ரப்பர் ஆயில் சீல் எல்லாம் தாங்காது. பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய இரும்பு வளையம்தான் இரண்டு பக்கமும். ஆயில் உள்ளே வருவது ஒல்லியான குழாயில், பம்ப் அழுத்தத்தில். வெளியே போவது தடிமனான குழாயில், வெறும் ஈர்ப்பு விசையில், தானாக வடிந்து சேம்பருக்குப் போக வேண்டும். சேம்பருக்குள் அழுத்தம் ஏறிவிட்டால் வடிகிற ஆயிலுக்கு எதிர்த்தாற்போல் காற்று முட்டும். ஆயில் தேங்கும், அந்த வளையங்களைத் தாண்டி ஒரு பக்கம் டர்போ தள்ளும் காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கும் மறுபக்கம் சைலன்சருக்கும் போகும். வடகிழக்குப் பருவமழையில் கடல் மட்டம் ஏறி நிற்கும்போது கடலூரில் கெடிலம் ஆற்று வெள்ளம் வடியாமல் ஊருக்குள் எதிர்த்து நிற்குமே, அதேதான். அப்போது ஆற்றைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? டர்போவை மாற்றினாலும் புது டர்போவும் அடுத்த வாரமே ஆயில் துப்பும், "டூப்ளிகேட் டர்போ போட்டுட்டாங்க" என்று நாம் சண்டைக்குப் போவோம்.

இனி சோதனை. வண்டியைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு சில்லறை விஷயங்களை முடித்துவிடுங்கள். ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்கும், அது பிரீதர் வழியாகத்தான் போகும். அளவைச் சரி செய்துவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம். நீங்கள் ஊற்றாமலே ஆயில் அளவு ஏறுகிறதென்றால், பி.எஸ்.6 டீசல் வண்டியில் சைலன்சர் ஃபில்டரைச் சுத்தம் செய்ய விடும் டீசல் ஆயிலோடு கலக்கிறது என்று அர்த்தம், ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். அடுத்தது ஏர் ஃபில்டர். ஆரோவில் பக்கம் செம்மண் ரோட்டில் தினமும் போகிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஃபில்டர் அடைத்தால் டர்போ வாயில் உறிஞ்சல் அதிகமாகி, ஆயில் பனியைக் கூடுதலாக இழுக்கும்.

அப்புறம் இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். வாசலில் ஐந்து நிமிஷம் ஓடவிடுவது போதாது, தண்ணீர் சூடானாலும் ஆயில் சூடாக நேரமாகும். மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பி ரெட்டிச்சாவடி வரை போய்த் திரும்பினால் சரியாக இருக்கும். நிறுத்தி, ஐடிலிங்கில் விட்டு, ஆயில் மூடியைத் திறந்து, மெல்லிய பிளாஸ்டிக் பையை வாய் மேல் படர வையுங்கள். ஃபேன் பெல்ட் பக்கம் பை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சட்டைக் கை, துண்டு எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். நல்ல பெட்ரோல் இன்ஜினில் பை லேசாக உள்பக்கம் குழியும். உப்பி எழுந்தால் வழி அடைத்திருக்கிறது, அல்லது ரிங் தேய்ந்து வாயு தாங்க முடியாத அளவில் வருகிறது. மூடியைத் திறக்கவே முடியாதபடி உறிஞ்சிப் பிடித்தால், கூடவே சங்கு ஊதுவது மாதிரி சத்தமும் ஐடிலிங் தடுமாற்றமும் இருந்தால், டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். டீசலில் மூடியைத் திறந்தால் கொஞ்சம் புகை துடிப்பது சகஜம். சிலர் மூடியைத் தலைகீழாக வைத்து அது ஆடினால் சிலிண்டர் தேய்ந்து இன்ஜின் போர் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதுவார்கள், அதை நம்பி இன்ஜினை இறக்கிவிடாதீர்கள்.

கண்ணால் பார்த்தது போதாது, அளவு வேண்டும் என்றால் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் லெவல் டியூப் போதும். நான் பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் வாங்கினேன், எதற்கு என்று சொன்னதும் அவர் பார்த்த பார்வையை மறக்க முடியாது. டியூபை ஆங்கில யு எழுத்து மாதிரி வளைத்து ஒரு பலகையில் கட்டி, அடியில் ஒரு முழம் தண்ணீர் நிற்கும்படி வைத்து, ஒரு முனையை ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் ஓட்டையில் காற்றுப் போகாமல் மாட்டுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அளவு. 10 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 10 மில்லிபார். ஒவ்வொரு இன்ஜினுக்கும் கம்பெனி சொல்லும் அளவு வேறு, ஆனால் சூடான இன்ஜினில் சில சென்டிமீட்டர் உறிஞ்சல் என்பது பெட்ரோலில் நல்ல சேதி. டீசலில் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும். தண்ணீர் இன்ஜினைவிட்டு விலகிப் போய், 1,500 அல்லது 2,000 ஆர்.பி.எம். வரை ஏற்றும்போது இன்னும் தள்ளிக்கொண்டே போனால் வழி அடைப்பு. ஒரு எச்சரிக்கை, பிளாஸ்டிக் பை சோதனையில் பலமான உறிஞ்சல் தெரிந்திருந்தால் இந்தத் தண்ணீர் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள். மேனிஃபோல்டின் முழு உறிஞ்சல் பல மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை இழுக்கும், டியூபில் உள்ளதெல்லாம் ஒரே மடக்கில் ஆயில் சேம்பருக்குள் போய்விடும்.

பூஸ்டில் மட்டும் வரும் கோளாறு ஐடிலிங்கில் தெரியாது. டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பியிருப்பது, ஆயில் மூடியைச் சுற்றி ஈரம், நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்த பிறகு மட்டும் நீலப் புகை, இவை மூன்றும் பெட்ரோல் டர்போவில் சேர்ந்து வந்தால் மேனிஃபோல்ட் பக்கத்துச் செக் வால்வைச் சந்தேகியுங்கள். தனியாகக் கழற்ற முடிகிற வால்வ் என்றால் இன்ஜின் ஆறிய பிறகு கழற்றி, சுத்தமாகத் துடைத்து, ஒரு சின்ன டியூப் மாட்டி ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது. இரண்டு பக்கமும் போனால் தூக்கிப் போடுங்கள். குலுக்கினால் சத்தம் வந்தால் நல்ல வால்வ் என்று ஒரு பேச்சு உண்டு, அது உள்ளே ஒட்டிக்கொள்ளவில்லை என்பதை மட்டும்தான் சொல்லும், மூடுகிறதா என்பதைச் சொல்லாது. புது வண்டிகளில் இந்த வால்வ், டயாஃப்ரம், செபரேட்டர் எல்லாம் டேப்பட் கவரோடு ஒரே பிளாஸ்டிக்காக வார்த்திருப்பார்கள், மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். எனக்கு அந்த ஏற்பாட்டில் உடன்பாடு இல்லை, ஆனால் கேட்க யார் இருக்கிறார்கள்.

ஹோஸைப் பார்க்கும்போது மேல்பக்கம் பளபளப்பாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கழற்றி, அடிப்பக்கமும் வளைவும் பாருங்கள், இன்ஜின் சூட்டில் வெடிப்பு அங்கேதான் விடும். கடற்கரை ஊர் என்பதால் கிளிப் துருப்பிடித்து ஹோஸோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் பிளாஸ்டிக் முனை உடையும், பொறுமையாகத் திருகிக் கழற்றுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரிகிறதா பாருங்கள், வளைந்த ஹோஸில் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிடுங்கள். புதிது வாங்கும்போது ஆயில் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். நைட்ரைல் ரப்பர் பரவாயில்லை, வண்டிக்கென்றே வார்த்தது இன்னும் நல்லது. ரேடியேட்டர் ஹோஸ் செய்கிற ரப்பர் தண்ணீரையும் சூட்டையும் தாங்கும், ஆயில் பட்டால் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பிவிடும், என் வண்டியில் நடந்தது அதுதான். உலோக வால்வையும் குழாய்களையும் கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் கழுவலாம், ஆனால் டயாஃப்ரம் இருக்கும் இடத்தில் அடித்தால் ரப்பர் போய்விடும்.

இன்டர்கூலர் குழாயில் ஆயில் ஈரம் இருந்தாலே பயப்பட வேண்டாம், பிரீதர் அங்கே வந்து சேர்வதால் ஒரு மெல்லிய படலம் எப்போதும் இருக்கும். கவிழ்த்தால் ஊற்றுகிறது என்றால்தான் விவகாரம். பெட்ரோலில் அதிக ஆயில் சிலிண்டருக்குப் போனால் நாக்கிங் என்ற தட்டல் சத்தம் வரும், பிக்கப் குறையும். டீசலில் வருவது ஆபத்து. இன்ஜின் தன் ஆயிலையே டீசலாக எண்ணி எரிக்க ஆரம்பித்து, சாவியை எடுத்தாலும் நிற்காமல் ரேஸ் ஆகிக்கொண்டே போகும். அப்படி ஆனால் கியர் வண்டியில் பிரேக்கை முழுசாக மிதித்து, நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் போட்டு கிளட்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்துங்கள். ஏர் பைப் வாயில் கையை வைத்து அடைக்கப் போகாதீர்கள்.

நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தலைவலி. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் தெளிக்கப்படுவதால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை, பிரீதர் கொண்டுவரும் ஆயில் அங்கே கரியாகப் படியும். வெளிநாட்டில் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்கிறார்கள். நமக்குத்தான் பண்ருட்டியில் முந்திரி ஓடு மலையாகக் கிடக்கிறதே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், அந்த ஓட்டு எண்ணெய் கையையே பொத்துவிடும்.

பிரீதர் குழாயின் நடுவில் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பாவான கேட்ச் கேன் மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டிக்கு அவசியம் இல்லை என்பது என் கருத்து. மாட்டியே தீருவேன் என்றால் உள்ளே தடுப்புத் தகடு உள்ளதாக வாங்குங்கள், வெளியே வரும் குழாயைத் திரும்ப இன்டேக்கிலேயே இணையுங்கள், காற்றில் விடுவது புகைச் சட்டத்துக்கும் ஆகாது, காற்றை அளக்கும் சென்சாருக்கும் ஆகாது. காலி வெறும் டப்பா, குட்டி ஃபில்டர் வைத்தது, நூறுக்கும் இருநூறுக்கும் விற்பது எல்லாம் அலங்காரம். மாட்டிவிட்டு வடிக்க மறந்தால் இல்லாததைவிட மோசம். கார்த்திகை, மார்கழியில் வடித்துப் பாருங்கள், டீ மாதிரி ஒரு திரவம் வரும், பாதிக்கு மேல் தண்ணீர். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் மட்டும் இரண்டு இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் இது ஆயில் மூடியின் உள்பக்கமே வெண்ணெய் மாதிரி படிந்திருக்கும். கூலன்ட் ஆயிலோடு கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பதற வேண்டாம், கூலன்ட் குறைகிறதா என்று மட்டும் கவனியுங்கள். குறையவில்லையென்றால் வாரத்துக்கு ஒருமுறை சிதம்பரம் வரையோ, புதுச்சேரிக்காரர்கள் மரக்காணம் வரையோ ஒரே ஓட்டமாகப் போய்வந்தால் ஆயில் சூடேறி அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும்.

ஹோஸ் மாற்றிய அன்றே என் வண்டியில் புகை நிற்கவில்லை. இன்டர்கூலரிலும் சைலன்சரிலும் தேங்கிய ஆயில் தீரும்வரை நாலைந்து நாள் விட்டுவிட்டு வந்தது, நடுவில் மனசு கேட்காமல் அண்ணனுக்குப் போன் செய்தேன், "ஓட்டுப்பா" என்று ஒரே வார்த்தையில் வைத்துவிட்டார். ஆறாம் நாள் நின்றது. இப்போது ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் பிளாஸ்டிக் பையும் டியூபும் வைத்துப் பார்த்து, எத்தனை சென்டிமீட்டர் என்று சர்வீஸ் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வைக்கிறேன். அதற்காகக் கொத்தனாரின் டியூபைத் திருப்பிக் கொடுக்கவில்லை, புதுசாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.